ஏதோ சாப்பிட்டேன்

அம்மாச்சியிடம் போனில் "சாப்டியா?" என்று கேட்டால் இருபது வருடமாக ஒரே பதில்தான். "ஏதோ சாப்டேன்யா." அந்த ஏதோவில் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே ஒரு கேள்வித்தாளைப் படித்த பிறகுதான்.

முதியவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கண்டுபிடிக்க மருத்துவர்களிடம் வழிகள் உண்டு. 1990களில் உருவான எம்.என்.ஏ. என்ற மதிப்பீட்டில் எடை குறைந்ததா, பசி எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை முழுச் சாப்பாடு என்றெல்லாம் கேட்பார்கள். கெண்டைக்கால் சுற்றளவைக்கூட டேப் வைத்து அளப்பார்கள். இது உடம்பின் கணக்கு. டென்மார்க்கில் பணியாற்றிய கிளவுஸ் குரூனர்ட்டும் பிரிட்டன் ஆய்வாளர்கள் சிலரும் 2007இல் வெளியிட்டது மனசின் கணக்கு. எட்டு ஐரோப்பிய நாடுகளில் 65 வயதைத் தாண்டியவர்களிடம், சாப்பாட்டைப் பொறுத்தவரை உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மொத்தம் ஐந்தே வாக்கியங்கள். என் சாப்பாட்டில் எனக்கு மகிழ்ச்சி, அன்றாட வாழ்வில் சாப்பாடு எனக்கு நிறைவு தருகிறது, இந்த மாதிரி. எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்களோ அதற்கு ஓர் எண். எட்டு நாடுகளிலும் கருவி நன்றாகவே வேலை செய்தது. அதாவது, ஒரு வாக்கியத்துக்கு அதிக எண் போட்டவர் மற்ற நான்குக்கும் பெரும்பாலும் அதிகமே போட்டார்.

நான் கோட் எழுதிப் பிழைப்பவன். இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய பயம் வரும். இரண்டு டேட்டாபேஸிலும் 'அமவுண்ட்' என்று ஒரே பெயரில் ஒரு ஃபீல்டு இருக்கும். ஒன்றில் ரூபாய், இன்னொன்றில் பைசா. கூட்டினால் எந்த எரரும் வராது. அதுதான் பயமே.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த ஐந்தையும் என் தமிழில் அம்மாச்சியிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. "எனக்கு என்னய்யா கொறச்சல்?" என்றவள், அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அங்கே அத்தை இருந்தாள்.

தனியாக வாழ்ந்து தானே பொங்கிச் சாப்பிடுகிறவர் சாப்பாடு சரியில்லை என்று சொன்னால், அந்தக் குறை அவர் கையின் மேல் விழும், இல்லையென்றால் கடைக்காரர் மேல் விழும். அம்மாச்சி சொன்னால் மருமகள் மேல் விழும். நாம் கேட்பது சாப்பாட்டைப் பற்றி. அவள் காதில் விழுவது, உன் வீட்டு மனுஷங்க எப்படி என்ற கேள்வி.

ஆனால் எல்லாவற்றையும் மரியாதை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அமர்த்தியா சென் திரும்பத் திரும்பக் காட்டிய ஓர் உதாரணம் உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்று சொன்னவர்கள் மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம். கணவனை இழந்த பெண்களில் வெறும் 2.5 சதவீதம். மீன்கூட மறுக்கப்பட்டிருந்த அந்த வங்காள விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யார் நம்புவது? அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. நல்லா இருக்கறதுன்னா என்ன என்ற அவர்களுடைய கோடே அவ்வளவு கீழே இறங்கியிருந்தது.

இதைச் சரிசெய்ய ஓர் அழகான உத்தி இருக்கிறது. கேரி கிங்கும் சக ஆய்வாளர்களும் 2004இல் எழுதியது. ஒருவரிடம் அவர் நிலைமையை மட்டும் கேட்காதே. கற்பனை மனிதர்கள் சிலரின் கதையைச் சொல்லி, அவர்களுக்கும் மதிப்பெண் போடச் சொல். அப்போது அவருடைய அளவுகோல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அரசாங்கத்தில் உங்கள் குரலுக்கு மதிப்பு உண்டா என்று நேரடியாகக் கேட்டபோது சீனர்கள் மெக்சிகோக்காரர்களைவிட அதிகம் உண்டு என்றார்கள். கதைகளை வைத்துத் திருத்தியபோது வரிசை தலைகீழானது.

நானும் ஒரு கதை சொன்னேன். "ஒரு எழுபத்தஞ்சு வயசு அம்மா. எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்ச பெறகுதான் உக்காருவாங்க. குழம்பு தீந்திருந்தா ரசம். சோறு ஆறிப்போயிருக்கும். மிஞ்சினதுல தண்ணி ஊத்தி மறுநாள் காலைல. இவங்களுக்கு அஞ்சுக்கு எத்தன குடுப்ப?"

"ஐயோ பாவம். ரெண்டு போடு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஏன், அந்த வீட்ல கேக்க நாதி இல்லையா?" என்றாள்.

இந்த உத்தி செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. தன்னை அளக்கும் அதே கோலால்தான் அடுத்தவரையும் அளக்க வேண்டும். அம்மாச்சியிடம் இரண்டு கோல் இருந்தது. கிங்கின் சூத்திரத்தில் அவளுக்கு இடமில்லை.

சரி, இப்போது அந்த ஐந்தை இரண்டாக மாற்றலாமா? மாற்றினால், எண்பது வருடம் சாப்பிட்டவளுக்குத் தன் சாப்பாட்டைப் பற்றித் தெரியாது, எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அதைவிடத் திமிர் வேறென்ன இருக்கிறது. நாங்கள் சாப்பிடுவதைப் பார்ப்பதில் அவளுக்கு நிஜமாகவே வயிறு நிறைந்திருக்கலாம். 'என் சாப்பாடு' என்று வினாத்தாள் சொல்லும்போது அவள் எங்கள் எல்லோர் தட்டையும் சேர்த்து எண்ணியிருக்கலாம். ஆனால் இந்த விளக்கம் எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. முதல் பந்தியில் உட்கார்ந்தவன் நான். முட்டையும் கறித்துண்டும் கேட்காமலே என் தட்டுக்கு வந்தன. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, அத்தையும் கடைசிப் பந்திதான். அவளிடம் நான் எதுவும் கேட்கவேயில்லை.

ஐந்தை ஐந்தாகவே வைத்திருக்கிறேன். அது அவள் சொன்னது. ஆனால் அது எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இல்லை என்பதுவரை புரிகிறது.

போன வாரம் போனில், "சாப்டியா?" என்று கேட்காமல், "என்ன சாப்ட்ட?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எதுக்குய்யா கேக்குற? அத்தை எதுவும் சொன்னாளா?"