ஊசி போடும் கைக்கு ஐந்தாண்டு

பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவை நர்சிங் படிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். கவனக்குறைவான செயலால் ஒருவருக்கு மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். சிகிச்சை அளிக்கும்போது அதே கவனக்குறைவு பதிவுபெற்ற மருத்துவரிடம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம். பதிவுபெற்ற மருத்துவர் யார் என்பதையும் அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019 ஏற்கும் மருத்துவத் தகுதி பெற்று, தேசிய அல்லது மாநில மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். செவிலியரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்க வழியில்லை. அவருக்கு வேறு சட்டம், வேறு பதிவேடு.

ஆக, 2024 ஜூலை 1 முதல் நிலைமை இதுதான். ஒரே கட்டில், ஒரே நோயாளி, ஒரே தவறான மருந்து. அதை எழுதிக்கொடுத்த டாக்டர் அதிகபட்சம் இரண்டு ஆண்டு உள்ளே போவார். அதை ஏற்றிய நர்ஸ் அதிகபட்சம் ஐந்து ஆண்டு போவார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு இருவருக்கும் இரண்டு ஆண்டு என்றே வைத்திருந்தது. புதிய சட்டம் வரும்போது மருத்துவர்களின் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகப் பேசியது, பேசியதில் தவறில்லை. செவிலியருக்காக அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை என்பது சட்டத்தின் வாசகத்திலேயே தெரிகிறது.

நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கும் எனக்கு இது டெல்லிச் செய்தியாகத் தோன்றவில்லை. எங்கள் ஊர் மதுரை–தேனி சாலையில் இருக்கிறது. உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸ்கள் இந்தச் சாலை வழியாகத்தான் ஓடுகின்றன. நைட் டூட்டிக்குப் போகும் பெண்களும் இதே சாலையில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர்களில் அரசு வேலையில் இருப்பவர் சிலர். தனியார் மருத்துவமனைகளில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவரே அதிகம். ஐந்து ஆண்டு என்ற சொல் இவர்களில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

நர்ஸின் வேலைக்குள் இருக்கும் ஆபத்து வெளியே இருப்பவருக்கு எளிதில் புரிவதில்லை. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவருக்கு அது உயிர்காக்கும் மருந்து. டிரிப்ஸ் பாட்டிலில் கலந்து, நேரமெடுத்து, சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நிறமற்ற திரவம் அடைத்த சிறிய ஆம்பூல்கள் ஒன்றைப்போல் ஒன்று தட்டில் இருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு, விளக்கு மங்கிய வார்டில், உயிர் காப்பதற்கும் கொல்வதற்கும் நடுவே நிற்பது லேபிளைப் படிக்கும் ஒரு ஜோடிக் கண்கள். மருந்தை எழுதியவர் அப்போது அங்கே இல்லை. விற்றவர் இல்லை. நிர்வாகியும் இல்லை. எல்லோருடைய முடிவும் கடைசியில் ஒருத்தியின் விரலுக்கு வந்து சேர்கிறது. சட்டம் அந்த விரலைத்தான் முதலில் பார்க்கிறது.

பார்க்கட்டும். தன் கையால் செய்ததற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லும் தொழில் எதுவும் தொழிலாகாது. டாக்டர் சொன்னார், செய்தேன் என்ற பதில் நீதிமன்றத்தில் நிற்காது, நிற்கவும் கூடாது. சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும்படி முதலாண்டிலேயே சொல்லித்தருவது, பார்த்து நிறுத்த வேண்டியவர் அவர்தான் என்பதால். கீழ்ப்படிவதற்கு மட்டும் ஒருவர் தேவையென்றால் நான்காண்டுப் படிப்பு எதற்கு?

படிப்பும் பதிவும் இல்லாதவரிடம் அந்தக் கடமையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு இருக்கிறது. 1993 டிசம்பரில் டைபாய்டு என்று டெல்லி மருத்துவமனை ஒன்றில் ஒரு சிறுவனைச் சேர்த்தார்கள். நர்ஸ் சொன்னபடி அப்பாவே மருந்து வாங்கிவந்தார். அது லாரியாகோ, அதாவது மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயின். நரம்பில் ஏற்றியதும் பெற்றோர் கண்முன்னே பிள்ளை சரிந்தான். உயிர் மிஞ்சியது, மூளை மீளவில்லை. ஊசி போட்டவர் எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர் என்பது விசாரணையில் தெரிந்தது. தான் செய்ய வேண்டியதை அவரிடம் விட்டுவிட்டுப் போன டாக்டரும், தகுதியில்லாதவரை வேலைக்கு வைத்த மருத்துவமனையும் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பானது. சிறுவனுக்குப் பன்னிரண்டரை லட்சம், பெற்றோருக்கு ஐந்து லட்சம் இழப்பீடு. தவறு நடந்த அறையில் ஊசியோடு நின்றவர் ஒருவர்தான். அவரை அங்கே நிறுத்தியவர்கள் வேறு பலர் என்பதை நீதிமன்றம் தெளிவாகப் பார்த்த வழக்கு அது.

அந்தப் பார்வை ஐந்தாண்டுத் தண்டனையை எழுதியவர்களிடம் இல்லை. கிரிமினல் வழக்கில் மருத்துவர்களுக்கு இன்னொரு காப்பும் உண்டு. 1995இல் லூதியானாவில் ஒரு முதியவர் இரவில் மூச்சுத் திணறினார். மகன் டூட்டி நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் வரவில்லை. வந்த பிறகு வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. முதியவர் இறந்தார். இதிலிருந்து எழுந்த, ஜேக்கப் மேத்யூ வழக்கு என்று அறியப்படும் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் நெறிகளை வகுத்தது: மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் மட்டுமே கிரிமினல் வழக்கு, விசாரணை அதிகாரி வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தை முதலில் பெற வேண்டும், வழக்கம்போல் உடனே கைது செய்யக் கூடாது. நல்ல நெறிகள். ஆனால் அவை டாக்டரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு நர்ஸ் மீது புகார் வரும்போது, அந்த வார்டில் அந்த நேரத்தில் ஒரு நர்ஸால் என்ன செய்ய முடியும் என்று அனுபவமுள்ள இன்னொரு செவிலியரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும் விதியைக் காணோம்.

இத்தனைக்கும், நம் மாகாணம் செவிலியர் தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1926இல், சென்னை செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டத்தின் மூலம். நாடு முழுவதற்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்கும் இருபதாண்டு முன்னால் சென்னை ராஜதானி நர்ஸுக்குப் பதிவேடு வைத்தது. பெயர் பதிந்தால் உரிமை. ஒழுக்கக்கேடு செய்தால் பெயர் நீக்கம். 2023இல் நாடாளுமன்றம் பழைய கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டத்தை இயற்றியது. தொழில் ஒழுக்கத்துக்கும் பதிவுக்கும் அதில் தனி வாரியம் உண்டு. செவிலியரைத் தனித் தொழிலராக ஏற்று ஒழுக்க விதி வகுத்த அதே ஆண்டில், அதே நாடாளுமன்றம், தண்டனைச் சட்டம் எழுதும்போது அவரை மறந்துவிட்டது.

பதிவேடு இருக்கிறது. ஆனால் சின்ன நர்சிங் ஹோம்களில் வெள்ளை அங்கி போட்ட எல்லோரும் அதில் இருக்கிறார்களா? பிளஸ் டூ முடித்த பிள்ளையை ஆறு மாதம் கூடவே வைத்துப் பழக்கி, ஊசி போடவும் டிரிப்ஸ் மாற்றவும் விடும் வழக்கம் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் புதிதல்ல. அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது சொற்பச் சம்பளம். நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அவளும் அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். மருந்து மாறிப் போகும் நாளில் அவளுக்குப் பின்னால் கவுன்சிலும் இல்லை, சங்கமும் இல்லை. குற்றவாளிக் கூண்டில் அந்தப் பிள்ளை தனியாக நிற்கும்.

படித்துப் பதிவு செய்தவர்களின் நிலையும் பார்க்கத்தக்கது. பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அரசு மருத்துவமனை வார்டில் ஒரு இரவு உறவினருக்குத் துணையிருந்தவர் யாரும் அந்த அளவை நேரில் கண்டதாகச் சொல்ல மாட்டார். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்து, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது பலருக்கு நினைவிருக்கும். தனியார் துறையில் ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகள்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2016இல் அமைந்த மத்தியக் குழு பரிந்துரைத்தது. பல இடங்களில் பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது. ஒரு வார்டு முழுவதையும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு, நடந்த பிழைக்கு அவருடைய கவனம் மட்டுமே காரணம் என்று வழக்குப் போடுவது நீதியாகாது.

செவிலியர்களிடமும் நேராகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. டூட்டி முடிந்து அடுத்தவருக்கு ஓவர் கொடுக்கும் நேரத்தில், காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டை ஒரே மூச்சில் நிரப்பும் பழக்கம். எடுக்காத நாடித்துடிப்பு, பார்க்காத மூச்சு, எல்லாம் எண்களாகிவிடும். ஆளில்லை, நேரமில்லை என்ற காரணம் உண்மைதான். ஆனால் அடுத்து வருபவர் அந்த எண்ணை நம்பித்தான் மருந்து கொடுப்பார். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுத வேண்டும். ‘இத்தனை நோயாளிக்கு நான் ஒருத்தி, மூன்று மணி ரீடிங் எடுக்க முடியவில்லை’ என்று ரிப்போர்ட் புக்கில் எழுதி வைக்கும் ஒரு வரி, நோயாளியைக் காக்கும். பின்னால் வழக்கு வந்தால் எழுதியவரையும் காக்கும். நிர்வாகம் கோபப்படும். கோபப்பட்டாலும் அந்த வரி அங்கே இருக்க வேண்டும். நள்ளிரவில் போனில் வரும் ஆர்டரும் அப்படித்தான். ‘டாக்டர், இன்னொரு வாட்டி சொல்லுங்க, எத்தனை மில்லி?’ என்று கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, நேரம் போட்டு எழுதி, காலையில் அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். அதட்டல் விழும் என்று பயந்து கேட்காமல் விட்ட கேள்விகளால் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னவரைத் தண்டித்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் டென்னசி மாநிலம் காட்டியது. 2017 டிசம்பரில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் ரடோண்டா வாட் என்ற நர்ஸ், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் வெகுரோனியத்தைக் கொடுத்தார். நோயாளி இறந்தார். தன் பிழையை அவர் உடனே ஒப்புக்கொண்டார். மருத்துவமனை அதை அரசுக்கு முறைப்படி தெரிவிக்கவில்லை. 2022இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது; மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. மருத்துவமனை மீது கிரிமினல் வழக்கு இல்லை. இனி எவர் வாய் திறப்பார் என்று அந்த நாட்டுச் செவிலியர்கள் கேட்டார்கள். இங்கிலாந்து வேறு வழியில் போனது. ஸ்டாஃபர்ட் மருத்துவமனையின் சீர்கேடுகளை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸின் 2013 அறிக்கைக்குப் பிறகு, நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்பது மருத்துவமனை நிர்வாகத்தின் சட்டக் கடமை என்று 2014இல் ஆக்கினார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே சாத்தூர் இருக்கிறது. 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றிய ரத்தம் ஏற்றப்பட்டது வெளியே வந்தது மருத்துவமனை சொல்லியல்ல. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தன் தொற்றைத் தெரிந்துகொண்ட ரத்தம் கொடுத்த இளைஞர், தானே வந்து சொன்னார். எந்த ஒழுக்க விதியும் அவருக்குப் பாடமாக இருந்ததில்லை. அந்த மாதம் 30ஆம் தேதி அவர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தார். தொழில் ஒழுக்கம் பற்றிப் பேசும் எந்த வகுப்பறையிலும் அவரைச் சொல்லாமல் விடக் கூடாது என்பது என் எண்ணம்.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. 106ஆம் பிரிவின் விளக்கத்தில், செவிலியர் பதிவேட்டில் பெயருள்ளவரையும் சேர்க்க ஒரு வரித் திருத்தம் போதும். புகார் வந்தால் முதலில் ஒரு மூத்த செவிலியரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று மாநிலக் காவல் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும். ஒவ்வொரு வார்டு வாசலிலும் இன்றைய டூட்டியில் எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர், அவர்களின் பதிவு எண் என்ன என்று எழுதி வைக்கப் பெரிய செலவு ஆகாது. முதலாவதை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, சாலை கேட்கும் மனுவோடு இதையும் எழுதிக் கொடுங்கள்.