நீலக்குறியும் சிரவணமும்

பச்சைமலைப் பக்கத்துப் பூலாம்பாடியிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொருளீட்டச் சென்றவர்கள் எழுதிய கடிதம் வீடு வந்து சேர்ந்ததா, சேர்ந்தாலும் படிக்கப்பட்டதா என்பதை, பதில் வரும் வரையில் எழுதியவர் அறிய வழியிருக்கவில்லை. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டைகூட உறையைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டதற்குத்தான் சாட்சியாக இருந்தது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் நீலக்குறி வந்தது. அதன்பின், இரண்டு சாம்பல் குறிகளும் நீலமாகும் கணத்தைக் கோலாலம்பூரில் இருந்தபடியே பார்த்து, தான் அனுப்பிய சேதியை ஊரில் படித்துவிட்டார்கள் என்று மகன் நிச்சயித்துக்கொள்கிறான்.

படித்தது யார்? கைபேசி மருமகளிடம் இருக்கிறது. சேதியோ மக்காச்சோளக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு உரியது. பொழுது சாய்ந்து அவள் திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகே, "அத்தே, அவரு காலையிலயே எழுதியிருக்காரு" என்று அது வாசித்துக் காட்டப்படுகிறது. குறி காலையிலேயே நீலமாகிவிட்டது. இடைப்பட்ட நேரமெல்லாம் அம்மா பேசாமல் இருக்கிறாளே என்று மகன் மனம் குமைந்திருந்தால், அந்தத் துயரத்துக்குக் காரணம் தாயல்ல, குறியை அறிவென்று கொண்ட மயக்கமே.

சேதி எட்டுவது வேறு, அறிவது வேறு. பிருகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு ஆத்மாவைப் பற்றி உபதேசிக்கையில் சிரவணம் என்னும் கேட்டலோடு நிறுத்தாமல், சிந்திப்பதாகிய மனனத்தையும் ஆழ்ந்து தியானிப்பதாகிய நிதித்யாசனத்தையும் சேர்த்தே விதிக்கிறார். சைவ சித்தாந்திகளும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்காக அதை வகுத்தார்கள். இவற்றுள் முதற்படிக்கு மட்டுமே, அதுவும் அரைகுறையாகவே, வெளியிலிருந்து அடையாளம் இட இயலும். மற்றவை அவரவர் அந்தக்கரணத்துக்கு உள்ளே நடப்பவை. காஞ்சிபுரத்தில் தனிக்கோயில் கொண்டிருக்கும் சித்திரகுப்தரும் ஏடும் எழுத்தாணியுமாக எழுதுவது செய்த வினையைத்தான். யார் எதைக் கேட்டார்கள் என்பதையெல்லாம் குறிக்கப் புகுந்தால் அவருக்கு ஏடு போதாது.

படித்த உரையாடலைப் படிக்காததாக மீண்டும் குறித்துக்கொள்ளும் வசதியும் இதே கருவியில் உண்டு. மனனத்துக்கென்று ஒத்திவைப்பவருக்கு அது மெத்த உதவி. ஆயினும் அனுப்பியவர் பார்வையில் நீலம் நீலமாகவே நிற்கும், ஏனெனில் அறிந்ததை அறியாததாக்க எவராலும் ஆகாது. தர்மசாஸ்திரம் புத்திபூர்வமாகச் செய்ததற்கும் அறியாமற் செய்ததற்கும் வெவ்வேறு பிராயச்சித்தம் கூறுவதால், தாம் படித்தது பிறருக்குத் தெரியாதபடி நீலக்குறியையே அடைத்து வைப்பவர், உதவி கேட்டு வந்த சேதியை அறிந்தும் அறியாதவராகத் தப்ப முயல்கிறாரா என்ற ஐயம் நியாயமானதே. என் அபிப்பிராயத்தில், அடைப்பது தோஷமன்று. உடனே பதில் சொல் என்னும் நிர்ப்பந்தத்திலிருந்து சிந்தனைக்கு அவகாசம் மீட்பதுதான் அது. தோஷம், தெரிந்த பின்னும் கைகொடுக்காமையில் இருக்கிறது. அதை எந்த நிறமும் காட்டாது. தன் குறியை அடைப்பவர் பிறர் குறியையும் காண முடியாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்களே, அதை வகுத்தவர் நியாயம் தெரிந்தவர்தாம்; குழுக்களில் அந்த அடைப்பு செல்லாது.