யாரிடம் கேட்பது?

சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கைப்பேசியில் ஓர் இணையப் பக்கத்தையும் கொண்டு போயிருந்தேன். கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் சிறியது. மொத்தமே எட்டுப் பேர். செம்பனைத் தோட்டங்களில் ஆள் வைத்துக் குலை வெட்டும் குத்தகைக்காரர்களுக்காக ஒரு செயலி செய்திருந்தோம். யார் எத்தனை குலை வெட்டினார், லாரியில் எவ்வளவு ஏறியது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதையெல்லாம் அதில் பதிந்துகொள்ளலாம். அதை விற்பதற்கான முகப்புப் பக்கம் மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று மொழிகளில் தயாராகியிருந்தது. தமிழ் என்னுடையது.

அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டியாயிற்று. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நண்பர்கள் வாட்சாப்பில் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஆனால் பக்கத்துக்கு வருகிறவர்கள் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். "நம்மைத் தெரியாத ஒரு வெளியாளிடம் காட்டி உண்மையைக் கேட்டு வா" என்றார் மேலாளர். எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் மாமா. முப்பது வருஷம் குலை வெட்டினார், பிறகு மண்டோராக இருந்தார், இப்போது தோட்டத்தை ஒட்டிய தாமானில் வீடு வாங்கிக்கொண்டு பதினான்கு பேரை வைத்துக் குத்தகை எடுக்கிறார். எங்கள் செயலியை வாங்க வேண்டியவர் என்றால் அவர்தான்.

கைப்பேசியை நீட்டி, "எப்படி இருக்கு மாமா?" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்குய்யா. நீயா எழுதுன?"

அவ்வளவுதான். அவர் பார்த்தது பக்கத்தை அல்ல, என்னை. தங்கச்சி பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால் என்ன சொல்வாரோ அதைத்தான் சொன்னார். இதில் அவர் மேல் குற்றம் இல்லை. "எப்படி இருக்கு?" என்பது கேள்வி மாதிரி தெரியும். ஆனால் அதற்கு ஒரே ஒரு பதில்தான் அனுமதி.

அதனால் வேறு மாதிரி கேட்டேன். "உங்களுக்கு இது வேணும்னு வெச்சுக்குங்க மாமா. என்ன செய்வீங்களோ செய்யுங்க. நான் பேச மாட்டேன்." சொல்லிவிட்டு அவருடைய விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல் கீழே போயிற்று, மேலே வந்தது, மறுபடி கீழே போயிற்று. மூன்று தடவை. பிறகு தலை நிமிர்ந்து, "விலை எங்கய்யா?" என்றார். விலையை நாங்கள் போடவில்லை. "தொடர்பு கொள்ளுங்கள்" என்று ஒரு பொத்தான்தான் இருந்தது. "விலை போடாத கடைக்குள்ள நான் போக மாட்டேன். உள்ள போனாத்தான் கழுத்த அறுப்பான்." அடுத்து தலைப்பு. தோட்ட நிர்வாகத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். "எந்தக் கட்டம்? பக்கத்து பிளாக்கா? அது நம்ம குத்தகை இல்லியே" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதன் அர்த்தம் தெரியாது. எல்லாப் பக்கங்களிலும் இருந்தது, அதனால் நானும் எழுதினேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு யாக்கோப் நீல்சன் என்ற பெயர் தெரிந்திருக்கும். ஒரு பக்கத்தின் பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதியவர். மக்கள் சொல்வதை நம்பாதே, செய்வதைக் கவனி என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். ஆனால் இதை நமக்கு இன்னும் அழகாகச் சொன்ன கதை ஒன்று உண்டு. இறையனார் களவியலுக்குப் புலவர்கள் ஆளுக்கொரு உரை எழுதிவிட்டு, எது மெய்யுரை என்று தீர்மானிக்க நடுநிலையான ஓர் ஆளைத் தேடினார்கள். கிடைத்தவன் உருத்திரசன்மன். ஐந்து வயது, பேச வராத பிள்ளை. அவனை ஆசனத்தில் உட்கார வைத்து ஒவ்வொருவராக வாசித்தார்கள். அவன் முகம் எதற்கும் அசையவில்லை. மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் கண்ணீர் வந்தது. நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் வந்தது. அதுதான் தீர்ப்பு.

சங்கப் புலவர்கள் ஏன் இன்னொரு புலவரைத் தேடவில்லை என்று முன்பெல்லாம் வியந்திருக்கிறேன். மாமாவின் விரலைப் பார்த்த பிறகு புரிந்தது. அந்தப் பிள்ளைக்கு யாரிடமும் ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. யாரையும் மகிழ்விக்க அவனுக்கு வார்த்தையும் இல்லை. நேர்மை அவனுடைய குணம் என்பதைவிட அவன் இருந்த நிலைமை என்பதே சரி.

விஷயம் இங்கே முடிந்திருந்தால் இது ஒரு நல்ல தொழில் குறிப்பாக இருந்திருக்கும். ஆனால் அடுப்படியிலிருந்து அத்தை வந்தார்.

அத்தை சிறுவயதில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு மாமாவின் பின்னால் உதிரிப் பழம் பொறுக்கியவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்திருக்கிறார். கைப்பேசியை வாங்கி, எழுத்துக் கூட்டுவது போல் மெல்ல வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். 'உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை இருந்த இடத்திலிருந்தே கண்காணியுங்கள்.'

"கண்காணியா? கங்காணிதானே தம்பி இது?"

சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

அவர் சொன்னது சரி. கங்காணி என்ற சொல் கண்காணியிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தவர், கப்பலேற்றியவர், தோட்டத்தில் அவர்களை மேய்த்தவர். எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. அதனால் காய்ச்சலில் கிடப்பவனும் அவர் கண்ணுக்கு வேலைக்கு வராதவன்தான். அத்தைக்கு இது அவருடைய அம்மா சொன்ன கதை. நானோ 'கண்காணி'யை ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு ஈடான நல்ல தமிழ் வினைச்சொல் என்று நினைத்து எழுதியிருந்தேன். அவருக்கு அது வினைச்சொல்லாகத் தெரியவில்லை. பிரம்போடு நிற்கும் ஒரு மனிதனாகத் தெரிந்தது.

"இப்ப நம்ம ஆளுங்க யாரு வெட்டுறா? எல்லாம் இந்தோனேசியா, பங்களாதேஷ் பசங்க. அந்தப் பசங்களுக்குத் தெரியுமா இது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

கோலாலம்பூருக்குத் திரும்பியதும் பக்கத்தைத் திருத்தினோம். விலையைப் போட்டோம். 'அடுத்த கட்டம்' போயிற்று, 'குலைக் கணக்கும் சம்பளக் கணக்கும் ஒரே இடத்தில்' என்ற தலைப்பு வந்தது. 'கண்காணியுங்கள்' என்பதை 'அறிந்துகொள்ளுங்கள்' என்று மாற்றினேன். தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. அலுவலகத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். வெளியாளின் உண்மையான கருத்து எவ்வளவு பயன் தரும் என்பதற்கு நாங்களே சாட்சி ஆனோம்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்துத்தான் என்னவென்று தெரிந்தது. அந்தப் பக்கம் முழுவதிலும் உண்மை பேசிய ஒரே சொல் கண்காணி. நாங்கள் செய்திருந்தது அதைத்தான். ஆளின் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று முதலாளிக்குக் காட்டும் ஏற்பாடு. அத்தை குறை சொன்னது சொல்லை அல்ல. ஆனால் நான் சொல்லை மட்டும் மாற்றினேன். அவருடைய நேர்மையைக் கொண்டு என் பொய்யைத்தான் மெருகேற்றியிருந்தேன்.

வெளியாள் வந்து பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வது எங்கள் தோட்டங்களுக்குப் புதிதில்லை. 1936 டிசம்பரில் இந்திய அரசு வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை மலாயாவுக்கு அனுப்பியது. இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது அவருடைய வேலை. படித்தவர், நாவன்மைக்குப் பேர் போனவர், மலாயாவில் சொத்தோ தொழிலோ இல்லாதவர். வெளியாளுக்கு வேண்டிய தகுதிகள் எல்லாம் இருந்தன. 1937இல் அறிக்கை வந்தது. கங்காணி வைத்து ஆள் பிடிக்கும் முறை போக வேண்டும், ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய கூலியைத் திரும்பத் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனாலும் தொழிலாளர் பக்கம் நின்ற மலாயா இந்தியர்கள், அறிக்கை ரொம்ப மிருதுவாக இருக்கிறது என்று மனம் நொந்தார்கள். மறு வருஷம், 1938 ஜூனில், கூலியாட்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது.

சாஸ்திரி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பார்த்ததை எழுதியிருப்பார். ஆனால் என் பாட்டி ஒன்று சொல்வதுண்டு. பெரிய ஆட்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றால் முதல் நாளே லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, சாக்கடையைக் கழுவி, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுவார்கள். வந்தவர் கேட்பார், "எல்லாம் சௌகரியமா?" பக்கத்தில் தொரை நிற்பார். "சௌகரியங்க." லயத்தின் முன்பக்கமும் ஒரு முகப்புப் பக்கம்தான்.

சாஸ்திரி வந்து போய் நாலு வருஷம் கழித்து, 1941இல், பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் கூலி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. கூடவே ஒன்று: தொரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை. உள்ளே இருக்கிறவனுக்கு மட்டுமே அந்த அவமானம் தெரியும். வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்குச் சைக்கிளிலிருந்து இறங்குவது மரியாதையாகத்தான் தெரியும். அந்தக் கருத்தை யாரும் அவர்களிடம் கேட்டு வாங்கவில்லை. அவர்களாகச் சொன்னார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள், முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். உண்மை சொல்ல அவர்கள் கொடுத்த விலை அது.

ஒரு முகப்புப் பக்கத்துக்கு இவ்வளவு பெரிய கதையா என்று நீங்கள் கேட்கலாம். என் மேலாளரும் ஏறக்குறைய அதைத்தான் கேட்டார். அத்தை சொன்னதை அவரிடம் சொன்னபோது, "உங்கள் அத்தை நம்ம வாடிக்கையாளர் இல்லையே, பணம் கொடுப்பவர் மாமாதானே" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தப் பொருளும் வெளியே வராது. குத்தகைக்காரருக்கும் கஷ்டம் உண்டு. காலையில் வந்த ஆள் மத்தியானம் எங்கே என்று தெரியாமல் பைக்கில் காடு முழுக்கச் சுற்றும் மாமாவை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு பொருளுக்கு இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். அதை வாங்குகிறவர் ஒருவர், அது யார் மேல் ஏறி உட்காருகிறதோ அவர் இன்னொருவர். வாங்குகிறவரிடம் மட்டும் கேட்டால் பக்கம் விற்கும். அதைத்தான் மேம்பாடு என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இடித்துச் சொல்கிற ஆளைக் கூட வைத்துக்கொள் என்று வள்ளுவர் அரசனுக்குச் சொன்னார். அப்படிச் சொல்கிறவனை அரசன் என்ன செய்வான் என்ற பயம் போகாத வரைக்கும் எவன் வாயைத் திறப்பான்?

பொங்கலுக்குப் போனபோது, வெட்டிய குலைகளைக் குவித்து வைக்கும் இடத்துக்கு மாமாவோடு போனேன். இந்தோனேசியப் பையன் ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், குலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். மலாய்ப் பக்கத்தைத் திறந்து அவனிடம் கொடுத்தேன். முழுதும் வாசித்தான். இடம் காட்டும் பகுதிக்கு வந்ததும் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"எப்படி இருக்கு?" என்று மலாயில் கேட்டேன். என்னை அறியாமல் அதே பழைய கேள்வி வந்துவிட்டது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த மாமாவைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான்.

"பாகூஸ், பாங்."

நல்லா இருக்குண்ணே. மாமா பாசத்தில் சொன்ன அதே வார்த்தையை இவன் பயத்தில் சொன்னான். காதால் கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விரலைப் பார்த்திருந்ததால் எனக்குத் தெரிந்தது.

அலுவலகத்தில் இப்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆளின் கணக்கு, அவன் வெட்டிய குலையும் சேர வேண்டிய சம்பளமும், அவனுடைய கைப்பேசியிலும் அவன் மொழியிலேயே தெரிய வேண்டும். இடம் காட்டுவதை அவனே நிறுத்தி வைக்க முடிய வேண்டும். முதலாவதுக்குச் சரி என்றுவிட்டார்கள். இரண்டாவது இன்னும் பேச்சில் இருக்கிறது. 'அறிந்துகொள்ளுங்கள்' என்பதை எடுத்துவிட்டு மறுபடி 'கண்காணியுங்கள்' என்றே போட்டுவிட்டேன். பேச்சு முடியும் வரை அது அப்படியே இருக்கட்டும். வாங்குகிறவர்களுக்காவது தாங்கள் எதை வாங்குகிறோம் என்று தெரியட்டும்.