தழுவலின் நேர்மை

பிறமொழி நாடகத்தைத் தமிழில் மேடையேற்றுபவர் எவருக்குக் கடமைப்பட்டவர்? மூலாசிரியருக்கு என்பது வழக்கமான விடை, அது போதாது. பம்மல் சம்பந்த முதலியார் 'காளப்பன் கள்ளத்தனம்' ஆக்கிய மோலியேரின் 'ஸ்கப்பேன்' நாடகமே (1671) உரோமானியரான தெரென்ஸைத் தழுவியது. தெரென்ஸுக்கும் கிரேக்க மூலமொன்று இருந்தது.

'தார்த்தூப்' இன்னும் சிக்கலானது. பக்திவேடதாரி ஒருவன் செல்வர் வீட்டினுட் புகுந்து குடிகெடுக்கும் கதை. 1664இல் வெர்சாயில் நடிக்கப்பட்டுத் தடையுண்ட அதற்கு 1669இலேயே முழு அனுமதி கிடைத்தது. அந்நாடகம் பம்பலப்பிட்டிச் சரஸ்வதி மண்டபத்தில் மேடையேறுவதாயின், தார்த்தூப்புக்குப் பிரெஞ்சு உடையா, திருநீறும் உருத்திராக்கமுமா?

பிரெஞ்சு உடையெனின், சொல்லுக்குச் சொல் மூலத்தைப் பேணலாம். அவையினர் அயலானைக் கண்டு சிரித்துவிட்டு, காலி வீதியில் பஸ் ஏறி நிம்மதியாக வீடு திரும்புவர். பாரிஸ் அவைக்கு மோலியேர் அந்நிம்மதியை அளிக்கவில்லை. ஆதலின் திருநீறே மூலத்துக்கு நெருங்கியது. ஆனால் அது வேடதாரியை மட்டுமன்றி உண்மை அடியாரையும் சுடும். மோலியேர் இதனை உணர்ந்தவர். வீட்டுத் தலைவனின் மைத்துனன் கிளேயாந்தின் வாயிலாக மெய்ப்பக்தியையும் பொய்ப்பக்தியையும் விரிவாகவே பிரித்துக் காட்டினார். அப்பேச்சுகள் நீண்டவை, நாடகத்தின் வேகங் கருதி வெட்டத் தோன்றும். பிரெஞ்சு உடையில் நடிப்பிப்பவர் வேண்டுமாயின் வெட்டலாம். திருநீறு அணிவித்தவருக்கு அவ்வுரிமை இல்லை.