பூட்டக் கற்றுக்கொள், தம்பி!

"நமக்கெதுக்கு வம்பு?" திருத்தணி டீக்கடையிலும், சென்னைக்குப் போகும் மின்சார ரயிலிலும் இந்தப் பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. பொய் பில் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். ஊழல் கணக்கின் நகல் கைக்கே வந்திருக்கும். படித்த பிள்ளை அதை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறான். தம்பி, தங்கையே, நீ கோழை இல்லை! உனக்குக் குறைவது வித்தை.

நீ நிற்கும் மண்ணைப் பார். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போன திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துக்குத் திரும்பியது. அதற்கான போராட்டத்தில் தலைவர் ம.பொ.சி. மேடையில் முழங்கினார். ஆசிரியர் மங்கலங்கிழாரோ ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தார். முழக்கம்தான் நமக்கு நினைவிருக்கிறது. அந்த வாத்தியாரின் உழைப்பை யார் பேசுகிறார்கள்? நான் சொல்லும் வித்தையும் அப்படிச் சத்தமில்லாத உழைப்புதான்.

2011 மார்ச்சில் சென்னையின் 'தி இந்து' நாளேடு, கசிந்த ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்திடம் பெற்ற அமெரிக்கத் தூதரகத் தந்திகளை வெளியிடத் தொடங்கியது. திருமங்கலம் இடைத்தேர்தலில் ஓட்டுக்குப் பணம் போன விதமும் அதில் இருந்தது. ஊரறிந்த ரகசியம்தான். ஆனாலும் தூதரகத் தாளில் எழுத்தாக வந்தபோது அதன் கனமே வேறு.

அத்தகைய ஆவணங்களைக் காத்தது என்ன? குறியாக்கம், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி கோப்பைப் பூட்டும் வித்தை. 2010 ஜூலையில் விக்கிலீக்ஸ் 1.4 ஜிபி கோப்பு ஒன்றைப் பூட்டிய நிலையிலேயே உலகத்தின் முன் வைத்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், யாராலும் படிக்க முடியாது. எங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் சாவி வெளியே வரும் என்பதே அதன் பொருள் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அதன் பெயரே 'இன்சூரன்ஸ்'! ஏஇஎஸ்-256 என்னும் அந்தப் பூட்டுக்கு இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். எந்த அதிகாரியின் மிரட்டலுக்கும் கணக்கு பயப்படாது.

ஆனால் மனிதன் சறுக்குவான். தூதரகத் தந்திகள் முழுவதும் அடங்கிய வேறொரு கோப்பின் பாஸ்வேர்டை, 2011 பிப்ரவரியில் 'கார்டியன்' பத்திரிகையாளர்களின் புத்தகம் அப்படியே அச்சிட்டுவிட்டது. அது தற்காலிகமானது என்று தமக்குச் சொல்லப்பட்டதாக அவர்கள் விளக்கினார்கள். பூட்டிய கோப்போ அதற்குள் இணையத்தில் பரவியிருந்தது. செப்டம்பரில் 2,51,287 தந்திகளும், தகவல் கொடுத்தவர்களின் பெயர்கள்கூட மறைக்கப்படாமல், வெளியே கொட்டின. பூட்டு உடையவே இல்லை, கவனித்தாயா?

இன்னொன்று கேள். அமெரிக்க உளவு ரகசியங்களைப் பின்னாளில் வெளிப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன், 2012 டிசம்பரில் தன் பெயரைச் சொல்லாமல் கிளென் கிரீன்வால்டுக்கு எழுதினார்: பிஜிபி குறியாக்கத்தை நிறுவுங்கள், பேசலாம். நிறுவும் முறையை வீடியோவாகவே எடுத்து அனுப்பினார். அப்போதும் அந்தப் பெரிய பத்திரிகையாளருக்கு நேரம் கிடைக்கவில்லை. குறியாக்கம் தெரிந்த ஆவணப்பட இயக்குநர் லாரா பொய்ட்ரஸிடம் ஸ்னோடன் போனார். நூற்றாண்டின் செய்தி, கற்றுக்கொண்டவர் கையில்தான் முதலில் சேர்ந்தது!

சட்டம் காக்கும் என்று காத்திருக்கிறாயா? தங்க நாற்கரச் சாலை முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. இருக்கட்டும், பெயர் கசிந்தது கசிந்ததுதானே? அதன் பிறகு எழுந்த கோரிக்கைகளால் முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலே ஆண்டுகள் ஓடின.

அடுத்த வீட்டுக்காரியின் போட்டோவை, ஒருவரின் நோய் விவரத்தைத் திருடிப் பரப்புவதற்கு நான் சொல்லும் வித்தை உதவுமென்றால், இந்தப் பக்கத்தை இப்போதே கிழித்துப் போடு. பொதுப்பணம் எங்கே போனது என்பது வேறு, தனி மனிதரின் அந்தரங்கம் வேறு.

எழுந்திரு! இன்று இரவே ஒரு சாதாரணக் கோப்பை, உன் மார்க் ஷீட்டையே எடுத்துக்கொள், குறியாக்கம் செய்து நண்பனுக்கு அனுப்பு. பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாதே, நேரில் சொல். தவறினால் மறுபடி செய். கை பழகியதும் ஆதி ஷமீர் 1979-ல் தந்த கணிதத்தைப் படி: சாவியை ஐந்து பேரிடம் பங்கிட்டு வைக்கலாம், எந்த மூன்று பேர் சேர்ந்தாலும் திறக்கும். உன் ஒருவன் வாயை அடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவன், மற்ற நால்வரையும் தேடி அலையட்டும்.