பெற்றோரின் கையொப்பம்



ஆறாம் தரத்தில் பயிலும் உங்கள் மகள் பாடசாலையிலிருந்து ஒரு சம்மதப் பத்திரம் கொண்டுவருகிறாள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிக்கு உங்கள் கையொப்பம் வேண்டும். 2017 முதல் நம் நாட்டுப் பாடசாலைகளில் இத்தடுப்பூசி இலவசமாக ஏற்றப்படுகிறது. ராகலைத் தோட்டத்துப் பெற்றோர் எவ்வாறு தீர்மானிப்பது?

"உடலுறவால் பரவும் கிருமியாமே! ஒழுக்கமாக வளரும் என் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியை இகழலாகாது. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். மனைவி கற்புநெறி வழுவாது வாழ்ந்தாலும், கணவனிடமுள்ள கிருமி அவளைப் பற்றும். மகளுக்காக நாம் உறுதி கூறலாம். இன்னும் கண்டிராத மருமகனுக்கு யார் உறுதி கூறுவார்? கிருமி தொற்றுமுன் ஏற்றினால்தான் ஊசி முழுப்பயன் தரும். ஆகவேதான் பத்து, பதினொரு வயதிலேயே ஏற்றுகின்றனர். ஒழுக்கத்தை ஊசி கற்பிப்பதுமில்லை, கெடுப்பதுமில்லை. அது என்றும் வீட்டின் கடமையே.

அவ்வாறாயின் கட்டாயப்படுத்திவிடலாமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆளுநர் 2007இல் ஆறாம் வகுப்புச் சிறுமியருக்கு இதனைக் கட்டாயமாக்கினார். எதிர்ப்பு வலுத்தது, அவ்வாண்டே சட்டசபை அவ்வாணையை இரத்துச் செய்தது. ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் நடந்ததோ இதனினும் வேதனையானது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரைக் கேளாமல் விடுதிக் காப்பாளரே கையொப்பமிட்டனர். சில சிறுமியர் இறக்கவே, 2010இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசியே காரணமென்று விசாரணையில் நிறுவப்படவில்லை. எனினும் சம்மதம் பெற்ற விதத்தை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. ஏழைதானே, கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம் நல்ல மருந்தின்மீதும் ஐயத்தை விளைவித்தது அன்றோ!

வாசித்தறியாத பத்திரங்களில் நம் முன்னோர் கைநாட்டு வைத்த காலம் போதும். ஆசிரியர்களே, சுகாதார உத்தியோகத்தர்களே, கொழுந்து நிறுத்துத் தாய்மார் வீடு திரும்பும் வேளையில் அவர்களைக் கூட்டித் தமிழில் விளக்குங்கள். பெற்றோரே, கூச்சமின்றிக் கேளுங்கள், அறிந்து கையொப்பமிடுங்கள். கேளாமல் ஒப்பமிடுவதும், கேளாமல் மறுப்பதும் ஒன்றே. இரண்டிலும் பிள்ளைக்காகச் சிந்திக்க வேண்டியவர் சிந்திக்கவில்லை.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு சொல். இந்நோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் பரிசோதனை 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகச் செய்யப்படுகிறது. மகளுக்குக் கையொப்பமிடும் நாளில், உங்கள் உடல்நலத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். நீங்கள் நலமாயிருப்பதும் அவளுக்கு வேண்டிய பாதுகாப்பே.