ஒப்புரவும் உரிமையும்: ஊரார் அமைத்த அகன்ற அலைவரிசை வலையமைப்புகள் குறித்த அறவியல் நோக்கு

முன்னுரை

ஓர் ஊருக்குரிய பொதுவசதியை அளிக்கும் கடமை அரசினுடையது. அக்கடமை நிறைவேறாதவிடத்து ஊராரே கூடி அவ்வசதியை அமைத்துக்கொள்வது அறமா, அன்றி அரசு தன் பொறுப்பினின்று நழுவ உதவும் செயலா? மக்கள் நெருக்கம் குறைந்த நாட்டுப்புறங்களில் எழுந்துள்ள இணைய வலையமைப்புகள் இவ்வினாவைப் புதிதாக எழுப்புகின்றன. இக்கட்டுரை இரு சான்றுகளைக் கொண்டு அதனை ஆராய்கிறது.

இரு சான்றுகள்

வடம் பதிக்கும் செலவு தொலைவைப் பொறுத்தது. வருவாயோ வீடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நகரத் தெருவில் பல வீடுகளுக்குப் பயன்படும் பள்ளம், சிதறிய பண்ணை வீடுகளுக்கிடையே ஓரிரு வீடுகளுக்கே பயன்படும். ஆதலின் இலாபம் நோக்கும் நிறுவனங்கள் அங்குச் செல்லத் தயங்குகின்றன.

இந்நிலையில் இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியில் 2011ஆம் ஆண்டு 'பிராட்பேண்ட் ஃபார் தி ரூரல் நார்த்' என்னும் சமூகநலச் சங்கம் தோன்றியது. ஊரார் பங்குகள் வாங்கி முதலீடு திரட்டினர், பள்ளம் தோண்டினர். நில உரிமையாளர்கள் தம் வயல்வழியே ஒளியிழை வடம் செல்லக் கட்டணமின்றி இசைந்தனர். நொடிக்கு 1 ஜிகாபிட் வேக இணைப்பு பண்ணை வீடுகளை எட்டியது. பங்குகள் எத்தனையாயினும் உறுப்பினர் ஒருவர்க்கு ஒரு வாக்கே உண்டு.

ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவின் ஓசோனா வட்டாரத்தில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய 'குய்ஃபி.நெட்' கம்பியில்லா இணைப்பில் கால்கொண்டு, 30,000க்கும் மேற்பட்ட கணுக்களைக் கொண்டதாக வளர்ந்தது. இதில் இணைவோர் தம் கருவி வழியே பிறர் தரவு செல்லவும் இடந்தருதல் வேண்டும்.

ஈகையா, ஒப்புரவா?

வயலில் வடத்திற்கு வழிவிடும் உழவரின் செயலை ஈகை எனலாமா? திருக்குறள் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வகுக்கிறது. ஈகையில் ஈவோர், ஏற்போர் என்னும் வேறுபாடு உண்டு. ஒப்புரவோ ஒருவர் தாமும் ஓர் உறுப்பாக உள்ள பொதுவாழ்விற்கு ஆற்றுவது. வழிவிடும் உழவர் தாமும் அவ்வடத்தால் பயன்பெறுகிறார். ஆதலின் அவர் செயல் ஒப்புரவின்பாற்படும்.

ஆயின் இடையிலுள்ள ஒருவர் மறுப்பின் அப்பாலுள்ள வீடுகள் இணைப்பை இழக்கவும் கூடும். அவரைக் கட்டாயப்படுத்தலாமா? குய்ஃபி.நெட் இதற்கு ஓரளவு விடை தருகிறது: வழி பெறுபவர் வழி தரவும் கடமைப்பட்டவர். வலையமைப்பில் சேராதவரை இவ்விதி கட்டுப்படுத்தாது. அவரிடம் எடுத்துரைத்து இசையச் செய்வதே எஞ்சும் வழி. 'அறிதல்' என்னும் சொல் அதிகாரத் தலைப்பில் நிற்பது இங்குக் கருதத்தக்கது. அறிந்து செய்வதே ஒப்புரவு. ஆணைக்கு அஞ்சிச் செய்யின் அது வரியாகிவிடும்.

அரசின் கடமை

தொழில்நுட்பம் அறிந்தோரும் பொருளுடையோரும் உடல்வலிமையுடையோரும் எல்லா ஊர்களிலும் இரார். முதியோர் சிலரே வாழும் ஊரை நோக்கி, 'அவர்கள் தோண்டினர். நீங்களும் தோண்டுங்கள்' எனின், ஓர் ஊரின் நற்பண்பு மற்றோர் ஊர்க்குத் தண்டனையாகிவிடும்.

பிரித்தானியாவில் 2020 மார்ச்சு முதல் நொடிக்கு 10 மெகாபிட் வேக இணைப்பைக் கோருவதற்கான சட்ட உரிமை நடைமுறைக்கு வந்தது. எனினும் அமைப்புச் செலவு 3,400 பவுண்டைக் கடப்பின், மிகுதியைக் கோருபவரே ஏற்க வேண்டும் என வரையறுக்கப்பட்டது. தொலைவு மிகுந்த இடத்திலேயே உரிமை நலிகிறது என்பது வெளிப்படை.

முடிவுரை

ஊரார் முயற்சி அறமே; எனினும் அது அரசின் கடமையை நீக்குவதில்லை. ஒப்புரவு இயன்றவர்பால் எதிர்பார்க்கத்தக்க பண்பு. உரிமை இயலாதவர்க்கும் உரியது. முன்னதைப் போற்றுதலும் பின்னதைக் கைவிடாமையும் ஒருங்கே வேண்டப்படுவன. ஆதலின், ஊரார் வெற்றியைக் காட்டி அரசு பின்வாங்காது, தோண்ட இயலாத ஊர்களிலிருந்து தன் பணியைத் தொடங்குதலே முறையாகும்.